கடைசி டிப்போ போட்ட பந்தி

"கக்கூஸ் அவசரம் வந்தவன் மாரி ஓடறண்ணே நீ," என்று கஜா சொன்னதும் பந்தி மொத்தமும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. வெங்காயப் பச்சடி வாளியைப் பிடித்துக்கொண்டு கஜாவின் இலைக்கு முன்னால் நிற்கிறார், நகர முடியாது, கஜா முடிக்கிறவரை யாரும் நகர முடியாது, பதிலும் சொல்ல முடியாது. சோறு விழுவதற்கு முன்னால் உண்மை விழணும், உண்மை விழும்போது பாண்டுக்காரன் வாயைத் திறக்கக் கூடாது, போடட்டுமா, போதுமா, இந்த ரெண்டைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. இது கடைசி டிப்போ பாண்டு தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். முதல் கேசட் 'நைட் ஹால்ட்' வந்தபோது போட்டது, நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால், பாடுகிற எட்வின் அண்ணனும் கிட்டார் பரசு மாமாவும் டிரம்ஸ் அடிக்கிற அப்பாவும் தோளுக்குக் கீழே முடி வைத்துக்கொண்டு அயனாவரம் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில். புது ஆல்பம் வெளியே போவதற்கு முன்னால் டிப்போக்காரர்கள் என்கிற ரசிகர்களைக் கூப்பிடுவார்கள், கல்யாண மண்டபத்து மாடியில் விளக்கை அணைத்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை போட்டுக் காட்டுவார்கள், அப்புறம் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி, பரிமாறுவது பாண்டுக்காரர்களே. ஒவ்வொரு இலைக்கும் முன்னால் மூணு பேரும் நிற்பார்கள், இலைக்காரன் மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்வான், அதற்கப்புறம்தான் எட்வின் அண்ணன் பிரியாணி, பரசு மாமா தால்சா, அப்பா பச்சடி. பாவமே என்று இனிப்பாகச் சொன்னால் மற்றவர்கள் மேஜையைத் தட்டி உப்பில்ல, உப்பில்ல என்று கத்துவார்கள், அவன் திரும்பச் சொல்லணும். ஊரில் வேற எந்த பாண்டுக்கு இந்தத் தைரியம் இருக்கு என்று அப்பா கேட்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிரும். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது நிமிரும். இப்போது வரிசையில் முதல் இலை கஜாவுடையது, வில்லிவாக்கத்தில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஒரு பந்திகூட விடாத ஆள், முன்னங்கையில் பாண்டு பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். எட்வின் அண்ணனிடம் உன் குரல் ரிவர்ஸ் எடுக்கிற லாரி கணக்கா ஆயிடுச்சு, அது பரவால்ல, வயசு, எனக்கும்தான் முட்டி வலிக்குது என்றான். பரசு மாமாவிடம் நீ எப்பவும் போல சுமார் என்றான். அப்புறம் அப்பாவிடம் வந்தான். முன்னாடியெல்லாம், தாமோண்ணே, உன் அடி ஒரு மயிரிழை லேட்டா விழும், அந்த மயிரிழைக்காகத்தான் நாங்க உசுரை வெச்சிருந்தோம், இந்த 'டிக்கெட் வாங்காதவன்' ஆல்பத்துல நீ பாட்டுக்கு முன்னாடியே போய் நிக்கற, எல்லாப் பாட்டுலயும், இன்னா அவசரம், எங்க போவணும். கக்கூஸ் அதற்கப்புறம்தான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்துச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமோ என்று.

தெரியத்தானே வேண்டும், அதற்குத்தானே வந்தேன். இந்த ஆல்பத்தில் அடித்தது அப்பா இல்லை, நான். எல்லாப் பாட்டும் நான். அப்பாவுக்குப் போன வருஷம் இடது கை ஆட ஆரம்பித்தது, முதலில் டீ கிளாஸ், அப்புறம் சட்டைப் பொத்தான், அப்புறம் ஒத்திகையில் குச்சி கையை விட்டுப் பறந்து பரசு மாமா கிட்டார் மேல் விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த ஒத்திகையிலும் விழுந்தது, யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் நடுக்குவாதம் என்றார். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், அந்தக் கொஞ்ச நேரம் ஒரு பாட்டுக்குப் போதாது. எட்வின் அண்ணன்தான் பையனை உட்கார வை என்றார். அட்டையில் மட்டும் பழைய மூணு பேர் இருக்கட்டும், டிரம்ஸ் தாமோதரன் என்றே போடுவோம், ஆள் மாறின சேதியைப் பந்தியில் சொல்லிக்கலாம், டிப்போக்காரங்களுக்குப் பந்தியில சொன்னாத்தான் மரியாதை என்றார். அப்பா ஒத்துக்கொண்டார். இன்றைக்குக் காலையில் நான் அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டேன், இப்போதெல்லாம் நான்தான் பண்ணுகிறேன், தாடையைப் பிடித்துத் திருப்பும்போது அந்த எலும்பு எவ்வளவு சின்னது என்று ஒவ்வொரு முறையும் கோபம் வரும், ஏன் கோபம் என்று தெரியாது. கன்னத்தில் பாதி நுரையோடு சொன்னார். "நான் வாயைத் திறக்க முடியாது, ரூல் நாங்க போட்டது. உன் இலைக்கு முன்னாடி வந்து நாங்க நிக்கறப்ப நீ எந்திரி. உன் பேரைச் சொல்லு. அடிச்சது நான்தான்னு சொல்லு." அவங்களுக்குப் பிடிக்கலன்னா என்று கேட்டேன், சும்மா கேட்டேன், பிடிக்காமல் போகும் என்று எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. "திட்டினா அந்தத் திட்டு உன்னுது. வாங்கிக்க. வாங்கினவன்தான் அந்த ஸ்டூல்ல உட்கார முடியும்." சரிப்பா என்றேன், பிளேடைத் தண்ணீரில் அலசினேன். அவ்வளவுதான், இதில் என்ன இருக்கு. மாடியில் இருட்டில் பாட்டு ஓடும்போதே மனசுக்குள் பார்த்துக்கொண்டேன், எழுந்ததும் உடனே சொல்லக் கூடாது, கொஞ்சம் சும்மா நிற்கணும், அப்புறம் ரோஷன், தாமோதரன் பையன், அடிச்சது நான்தான். மேஜை உடையும். கஜா தோளில் தூக்குவான். யாராவது வீடியோ எடுப்பார்கள். பழைய ஸ்கூல் பசங்க பார்ப்பார்கள், பிசிக்ஸ் மிஸ் பார்ப்பாள், பார்த்துவிட்டு என்ன செய்வாள், கைடைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போவாள்.

அந்த மிஸ்ஸிடம் நான் எழுந்து நின்றேனே. பிளஸ் ஒன், மத்தியானம், மின்விசிறி சத்தம், நீங்க கைடைப் பார்த்துத்தான் எழுதிப் போடறீங்க, அதே கைடு எங்கிட்டயும் இருக்கு, அப்ப நான் எதுக்கு இங்க உட்காரணும் என்று கேட்டேன். கால் ஆடவில்லை. தொண்டை காயவில்லை. தலைமையாசிரியர் அறையில் மன்னிப்பு கேள் என்றார்கள், பொய்யா சொன்னேன் என்று கேட்டேன், பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், அதோடு ஸ்கூல் முடிந்தது. அம்மா ரெண்டு நாள் பேசவில்லை, மூணாம் நாள் உங்கப்பன் இத்தனை வருஷம் தட்டினதுல இந்த வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வரல, நீயும் தட்டு என்றாள். அப்பா மட்டும் இவன் பொய் சொல்லமாட்டான்டி என்றார். அது உண்மை. நான் பொய் சொல்லமாட்டேன். போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், யார் புதுப் பாட்டு போட்டாலும் அதற்கு ஒரே வரியில் விமர்சனம், அந்த ஒரு வரியில் ஆள் எழுந்திருக்கக் கூடாது. அம்பத்தூரில் ஒரு பையன் கிட்டாரோடு பாடிப் போட்டிருந்தான், கிட்டாரை விற்று பூட்டு வாங்கு, வாய்க்கு, என்று எழுதினேன், நிறையப் பேர் சிரித்தார்கள், அவன் அதற்கப்புறம் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் மட்டும் என்ன. மோசம் என்றால் மோசம். அப்படியென்றால் இப்போது ஏன் என் தொடை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரும்பு நாற்காலி, மேலே யாரோ ஏற்கெனவே தண்ணீர் கொட்டி வைத்திருக்கிறார்கள், இல்லை, வியர்வை, என்னுடையது. கஜாவுக்குப் பிரியாணி விழுந்துவிட்டது. மூணு பேரும் அடுத்த இலைக்கு வந்துவிட்டார்கள், சாந்தகுமார் சார், காலேஜில் பாடம் நடத்துகிறவர், போனைப் பார்த்துப் படிக்கிறார், எழுதியே கொண்டுவந்திருக்கிறார், மாடியில் இருட்டில் உட்கார்ந்து தட்டியிருக்கிறார், அங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தது இவர்தான். பாடல் வரிகளில் கோபம் இல்லை, கோபத்தின் புகைப்படம் இருக்கிறது என்றார், எட்வின் அண்ணன் தலையாட்டினார். கிட்டார் ஞாபகத்தில் வாசிக்கிறது, காதில் வாசிக்கவில்லை என்றார், பரசு மாமா கரண்டியைப் பார்த்தார். டிரம்ஸைப் பொறுத்தவரை, என்று ஆரம்பித்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார், டிரம்ஸைப் பொறுத்தவரை, ஒரு பென்ஷன்காரர், பேங்க் சாத்தப் போகிறார்களே என்று ஓடுகிறார், செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, நிற்கவும் பயம், ஓடவும் தெம்பில்லை. நல்ல வரி. சத்தியமாக நல்ல வரி, நானே எழுதியிருப்பேன், ஒரு நொடி பொறாமைகூட வந்தது, அதற்கப்புறம்தான் அந்தப் பென்ஷன்காரர் யார் என்று உறைத்தது, எனக்குப் பதினேழு வயசு, சார், பென்ஷன்காரர் நான்.

இப்பவே எழுந்து சொன்னால் என்ன. முறை வரவில்லை. முறை வராமல் பேசினால் அடுத்த பந்திக்குக் கூப்பிடமாட்டார்கள், அதுவும் சட்டம். சரி, வரட்டும். வந்ததும் சொல்லிவிடுவேன். சொல்லித்தான் ஆகணும். இடையில் இருக்கிற இலைகளை எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன், கண் தானாக எண்ணுகிறது, அண்ணன் தம்பி ரெண்டு பேர் பெரம்பூரிலிருந்து, அவர்களுக்கு அப்புறம் யாஸ்மின் அக்கா, அவருக்கு அப்புறம் நான். கூடத்தில் பிரியாணி ஆவி, ஈர இலை வாசனை, ஃபினாயில், பசிக்கிறது, இந்த நேரத்தில் எப்படிப் பசிக்கிறது என்று புரியவில்லை. அப்பா சாந்தகுமார் சாருக்குப் பச்சடி வைக்கிறார். வலது கையில்தான் கரண்டி, ஆடுவது வாளி பிடித்த இடது கை, வாளி ஆடினால் எல்லாமே ஆடுகிறது, கரண்டி இலைக்கு வெளியே போய் மேஜையில் பாதியைக் கொட்டிவிட்டு வந்தது. எதிர் வரிசையில் எவனோ ரெக்கார்டிங்கும் இப்படித்தான் நடந்திருக்கு போல என்றான். பக்கத்தில் இருந்தவன் சிரிப்பில் தண்ணீர் புரையேறி இருமினான். பாருங்கடா என்று கத்தணும் போல இருந்தது, பாருங்கடா, அந்தக் கை ஒரு கரண்டி பச்சடி வைக்க முடியாத கை, அந்தக் கை எப்படிடா அந்த வேகத்தில் அடிக்கும், 'கரண்ட் போன வீடு' பாட்டில் நடுவில் வருகிற அந்த உருட்டலை அந்தக் கை அடித்திருக்குமா, கொஞ்சமாவது யோசியுங்கடா. யோசிக்கமாட்டார்கள். கண்ணால் கேட்கிறவர்கள். மாடியில் பாட்டுக்கு முன்னால் அப்பா மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னார், மைக் ஆடியதைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் விளக்கை அணைத்தால் என்ன, ஆடினதைத்தான் கேட்டிருப்பார்கள். இத்தனை காலம் கேட்ட காது, மயிரிழை லேட்டுக்கு உயிரை வைத்த காது, ஆளே மாறினது தெரியவில்லை. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன், கோபம் பிடிபடவில்லை, ஏனென்றால் ஓடுகிறது என்று சொன்னது சரி. ஓடுகிறது. ஆள் யார் என்பதில்தான் தப்பு, ஓட்டத்தில் தப்பில்லை. எனக்கே தெரியும், இன்றைக்குத்தான் தெரியும், இருட்டில் முதல் பாட்டின் ரெண்டாவது வரியிலேயே எட்வின் அண்ணன் மூச்சு எடுக்கிற இடத்தில் என் ஸ்நேர் டிரம் அடி முந்திக்கொண்டு விழுந்தது, அவர் பாதி மூச்சோடு என் பின்னால் ஓடி வருகிறார், பாவம், அந்த வயசில். நான் அதை மாடியில் கேட்காதது போல நடந்துகொண்டேன். எனக்குள்ளேயே.

சாலிகிராமத்தில் ஸ்டூடியோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. கடைசி டிப்போ ஒருநாளும் தாளம் எண்ணுகிற மெஷினின் டிக் டிக்கைக் காதில் வைத்துக்கொண்டு வாசிக்காது, அது இன்னொரு பெருமை, மூணு பேர் மூச்சுதான் கணக்கு. காதுக் கருவியில் அப்பா குரல் வரும், பொறு, பொறுடா, அவன் பாடட்டும், அவன் பாடி முடிச்ச இடத்துல நீ வந்து உட்காரு. நான் கரெக்டாத்தான் போறேன் என்பேன். போற, அதான் பிரச்சினை, போகாத, இரு என்பார். இரு என்றால் எப்படி இருப்பது, பாட்டு அங்கேயே கிடக்கிறதே, எழுபது வயசுக்காரன் மாதிரி, தூக்கிவிடணும் போல இருக்குமே. நான் தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்பா வாசிப்பு பழசு, நான் இல்லாவிட்டால் இந்த ஆல்பம் செத்த பாம்பு, இதையும் நான் நினைத்தேன், நினைத்தது மட்டும் இல்லை, ஒரு நாள் ஸ்டூடியோ வாசலில் டீ குடிக்கும்போது சொன்னேன். அப்பா கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், இருக்கலாம்டா, பந்தியில தெரிஞ்சிடும் என்றார். பந்தியில் தெரிந்துகொண்டிருக்கிறது. பெரம்பூர் அண்ணன்காரன் டிரம்ஸைத் தவிர எல்லாம் ஓகே என்று முடித்துக்கொண்டான், பிரியாணியில் பெரிய பீஸாகப் போடுங்கள் என்றான். தம்பிக்காரன் இன்னும் சின்ன வயசு, பழைய 'அடிப்பம்பு' பாட்டை மட்டும் ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் கேட்டவன், அவன் அப்பாவை நேராகப் பார்க்கவே இல்லை, எட்வின் அண்ணனைப் பார்த்து, அங்கிள், அடுத்த ஷோவுக்கு டிரம்ஸுக்கு மெஷின் வெச்சுக்கலாமே, இவரைச் சும்மா முன்னாடி உட்கார வெச்சுக்குங்க, ஜனங்க கையைப் பார்த்துக் கும்பிடுவாங்க என்றான். இதற்கு யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது, எல்லோரும் அப்பா முகத்தைப் பார்த்தார்கள். அப்பா போடட்டுமா என்று கேட்டார். தம்பிக்காரன் கொஞ்சமா என்றான். எட்வின் அண்ணன் என்னைப் பார்த்தார். நீ இருக்கேல்ல, இரு, இதோ வந்துட்டோம் என்பது போல ஒரு பார்வை, புருவத்தைத் தூக்கி. அவருக்கு இது நல்ல நாடகமாகத் தெரிகிறது, எவ்வளவு திட்டுகிறார்களோ அவ்வளவு நல்லது, கடைசியில் பையன் எழுந்து நின்றால் எல்லாம் ஊமையாகும் என்று நினைக்கிறார். எழுந்து நின்றால் என்ன ஆகும். கஜா என் பக்கம் திரும்புவான். அடச்சீ, நீயாடா என்பான். சாந்தகுமார் சார் பென்ஷன்காரரை எடுத்துவிட்டு வேறு ஒரு வரி அங்கேயே யோசிப்பார், யோசித்துவிடுவார், கெட்டிக்காரர். அப்பாவுக்குப் பாவம் பார்த்த மிச்சம் மீதி எனக்குக் கிடையாது. கை நடுங்குகிறவன் மோசமாக அடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கு. எனக்கு என்ன காரணம் இருக்கு. ஸ்கூலை விட்டவன், இதற்காக விட்டவன், இதுவும் வராதவன். அம்மாவுக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம் நான் என்ன, கஜா கடையில் வேலைக்கு நிற்பேனா, கஜா வைத்துக்கொள்வானா, ஆட்டோக்காரன் கேட்பதற்கு முன்னால் பார்ட்ஸை எடுத்து நீட்டுகிறவன் என்று அங்கேயும் சிரிப்பானா.

யாஸ்மின் அக்கா முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். என் இலையில் எட்வின் அண்ணன் வாளியின் நிழல். அக்கா கொரட்டூரில் டியூஷன் எடுக்கிறவர், போன பந்திக்கு நான் சின்னப் பையனாக வந்தபோது என்னை மடியில் வைத்துக்கொண்டு கறியில் எலும்பு எடுத்துக் கொடுத்தவர், யாரையும் திட்டத் தெரியாது. நல்லா இருந்துச்சு, உங்களை எல்லாம் திரும்பப் பார்த்ததே சந்தோஷம் என்று ஆரம்பித்தார், மேஜை அதிர்ந்தது, உப்பில்ல, உப்பில்ல, எதிர் வரிசை, இந்த வரிசை, தண்ணீர்க் கப்புகள் குதித்தன, கஜா வாயில் சோற்றோடு தட்டினான். என் கையும் மேஜை மேல் இருந்தது. தட்டியதா என்று தெரியவில்லை. தட்டியது என்றுதான் நினைக்கிறேன், எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருக்காது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தார். அப்புறம் எட்வின் அண்ணனையும் பரசு மாமாவையும் விட்டுவிட்டு நேராக அப்பாவிடம் பேசினார், ரொம்ப மெதுவாக, பக்கத்தில் இருந்த எனக்கே காதைக் கொடுத்துக் கேட்கணும். "தாமோண்ணே, எங்க வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த ராத்திரி உங்க பாட்டைப் போட்டுத்தான் தூங்கினேன். நீங்க அடிக்கிறது அவர் நடக்கிற மாதிரி இருக்கும், அவசரமே இல்லாம. இதுல உங்களைத் தேடிட்டே இருந்தேன், நீங்க இல்ல." தண்ணீர்க் கப்பை ஓரமாக நகர்த்தினார். "விட்டுடுங்கண்ணே. வேற யாரையாச்சும் உட்கார வைங்க. எங்க ஞாபகத்துல இருக்கிறதை எடுத்துக்காதீங்க." இவள் கேட்டிருக்கிறாள். இவள் ஒருத்திதான் காதால் கேட்டிருக்கிறாள், நீங்க இல்ல என்று சொல்லிவிட்டாள், சொன்னது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை, வாசல்வரை வந்து கதவில் கையை வைத்துவிட்டுத் தட்டாமல் போகிறாள். அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். அப்பா முகத்தில் இதுவரைக்கும் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்ட ஒரு பொறுமை இருந்தது, ஆள் யார் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியப் போகிறதே என்கிற பொறுமை, அது இப்போது காணோம். கண் ரெண்டும் ஈரமாகிவிட்டது. துடைக்கக் கை இல்லை, ஒன்றில் வாளி, ஒன்றில் கரண்டி. அக்கா இலையில் பச்சடி விழுந்தது. போதுமா என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது என் இலை. மூணு பேரும் என் முன்னால். எட்வின் அண்ணன் வாளியைக் கீழேயே வைத்துவிட்டார், கையைக் கட்டிக்கொண்டார், சிரிப்பை அடக்குகிறார். பரசு மாமா கண்ணால் எழுந்திரு என்றார். குட்டி தாமோவும் சொல்லணுமா என்று யாரோ கேட்டார்கள், பந்தியில உட்கார்ந்தவன் எவனா இருந்தாலும் சொல்லணும் என்று கஜா சத்தமாகச் சொன்னான், சொல்லு தம்பி, அப்பன்னு பாக்காத. அப்பா என்னைப் பார்க்கிறார். காலையில் கண்ணாடியில் பார்த்த அதே முகம், காதுக்குக் கீழே ஒரு இடத்தில் நான் சரியாக எடுக்காத முடி ரெண்டு நிற்கிறது. கொஞ்சமாகத் தலையை ஆட்டினார், ம் என்பது போல, எந்திரி. எழுந்துவிட்டேன் என்று நினைத்தேன், தொடை விலகவில்லை. சொல்லப் போகிறேன். ரோஷன், தாமோதரன் பையன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிசிக்ஸ் மிஸ் முன்னால் ஒட்டவில்லையே, அங்கே மோசம் என்றது அவளை, அதனால்தான், அது ஒரு தைரியமே இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம், இதோ இந்தக் கூடத்தில் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். சாப்பிடுகிற கைகள் நின்றுவிட்டன. எவனோ போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். உப்பில்ல என்று ஒருத்தன் மெதுவாக மேஜையில் விரலால் ஆரம்பித்தான், நான் இன்னும் வாயையே திறக்கவில்லை, இன்னொருத்தன் சேர்ந்தான், விரல்கள் சேர்ந்துகொண்டே வந்தன, என் பக்கமாக வந்தன. உண்மையைத்தான் சொல்லணும், பொய் சொல்லக் கூடாது, சரி, பொய் சொல்லவில்லை.

"டிரம்ஸ்தான் கெடுத்துச்சு," என்றேன்.

கூடம் இடிந்தது, மேஜைத் தட்டல், விசில், கஜா எழுந்தே நின்றுவிட்டான், அப்பனையே சொல்றான் பார்டா, இவன்தான்டா டிப்போக்காரன், உப்பு கரெக்டா இருக்கு என்று கத்தினான். சாந்தகுமார் சார் கைதட்டினார். யாஸ்மின் அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி ஏதோ அழுக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். எட்வின் அண்ணன் கட்டின கையை எடுத்துவிட்டார், சிரிப்பு போய்விட்டது, டேய் என்று வாயைத் திறந்தார், சட்டத்தை மீறிச் சொல்லிவிடப் போகிறார், சொல்லட்டும், சொல்லிவிட்டால் முடிந்தது, சொல்லுங்கண்ணே என்று உள்ளே கெஞ்சினேன். அப்பா கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு எட்வின் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, பிடித்தார், அவ்வளவுதான். எட்வின் அண்ணன் குனிந்து வாளியை எடுத்தார். பிரியாணி விழுந்தது. தால்சா விழுந்தது. அப்பா கரண்டியைத் தேடி எடுத்து, பொறுமையாக, ஒரு சொட்டு வெளியே போகாமல் இருக்க உடம்பு மொத்தத்தையும் இறுக்கிக்கொண்டு, எனக்குப் பச்சடி வைத்தார், கொஞ்சம் மேஜையில் போனது. எந்திரி, பேரைச் சொல்லு, நான்தான்னு சொல்லு என்றுதான் சொல்லியிருந்தார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை.